ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கம்ப்யூட்டர்கள்

நேற்று சாயங்காலம் அக்கா மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு ஏழு அறுபத்து நாலு என்று எழுதியவள், உடனே தப்பென்று கண்டுபிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ரப்பரால் அழித்தாள். இப்போது வரும் ரப்பர்கள் மாம்பழ வாசனை, ஸ்ட்ராபெரி வாசனை என்று தின்னத் தோன்றுகிற மாதிரி இருக்கின்றன. இவளுடையது அப்படியில்லை. பழைய மாதிரி வெள்ளைக் கட்டி ரப்பர். அவள் தூளை ஊதியதும் அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. கூடவே, இல்லாத ஏலக்காய் வாசனையும் வந்தது.

உங்களுக்கு ரப்பர் வாசனை வந்தால் நீங்கள் படித்த பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வரும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திடீரென்று எழுந்திருக்க மறுத்து, 'பீப் பீப் பீப்' என்று மூன்று முறை அழுதால், அதன் வயிற்றைத் திறந்து, மெமரி என்ற பச்சைப் பட்டையை உருவி, அதன் ஓரத்திலிருக்கும் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும். தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி தடவை எழுந்துவிடும். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு முழு நம்பிக்கையோடு தெரிந்த விஷயம் அன்றைக்கு இது ஒன்றுதான். ஆனாலும் குமுளிப் பக்கம் சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளிக்கு நான்தான் கம்ப்யூட்டர் பொறுப்பு.

எப்படி அந்தப் பொறுப்பு வந்தது என்றால், கணக்கு டீச்சராகச் சேர்ந்த அன்று ஒரு படிவத்தில் 'பிற தகுதிகள்' என்ற இடம் காலியாக இருந்தது. காலியாக விட மனசு வரவில்லை. எங்கள் ஊர் கொல்லங்கோட்டில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனதை எழுதிவிட்டேன். அங்கே பதினெட்டுப் பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். அதையும் சார்தான் தொடுவார், நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

கொல்லங்கோட்டிலிருந்து அந்த ஊருக்குப் போவதே ஒரு வேடிக்கை. இரண்டும் கேரளம்தான். ஆனால் நான் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக் குமுளி மலையேறித்தான் மறுபடி கேரளத்துக்குள் நுழைவேன். அங்கே போனால் என் தமிழ் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. நான் 'ஏனுங்க' என்றும் 'வேண்டாமுங்க' என்றும் பேசுவதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டுவார்கள். ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டேன். என்னைவிட நன்றாகவே கொங்குத் தமிழ் பேசினார்கள்.

லேப் என்பது பள்ளியின் கடைசி அறை, ஓட்டுக்கூரை. பத்துக் கம்ப்யூட்டர். அதில் இரண்டு ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவை, மற்ற எட்டுக்கும் உறுப்பு தானம் செய்து செய்து வெறும் கூடாக இருந்தன. மௌஸ்களின் கதை தனி. அப்போதெல்லாம் மௌஸுக்கு அடியில் ஒரு கனமான ரப்பர் உருண்டை இருக்கும். கோலிக்குண்டைவிட அது நன்றாக உருளும் என்பதை ஏழாம் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. ஹெட்மாஸ்டர் அருளப்பன் சார் காலை அசெம்பிளியில் நின்று, "எடுத்தவங்க பேரு எனக்கு வேண்டாம். உருண்டை மட்டும் வந்தாப் போதும்" என்று அறிவித்து, ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு டப்பாவை வைத்தார். சாயங்காலம் டப்பாவில் பதினான்கு உருண்டைகள் இருந்தன. எங்களிடம் இருந்ததோ பத்து மௌஸ். மீதி நாலும் எந்தப் பள்ளியிலிருந்து வந்தன என்று சார் கடைசிவரை விசாரிக்கவில்லை. "ஸ்பேரா வச்சுக்கோங்க டீச்சர்" என்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் மலையேறிய குடும்பம் அவருடையது. எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஐ.டி. செய்முறைப் பரீட்சை உண்டு. வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து நடத்துவார். அந்த வருஷம் முப்பத்தொரு பிள்ளைகள், திங்களும் செவ்வாயும் பரீட்சை. ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். குறைந்தது ஐந்து கம்ப்யூட்டர் ஓட வேண்டும். எட்டு ஓடிக்கொண்டிருந்தன. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் பரீட்சைக்கான சி.டி. வந்தபோது எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. எட்டிலும் போட்டு முடித்தேன். சி.டி.யோடு வந்த சர்க்குலரில், ஒரு பிள்ளையின் திரை இன்னொரு பிள்ளைக்குத் தெரியாதபடி மேசைகளைப் போட வேண்டும் என்று இருந்தது. நடுவில் நெருக்கமாகக் கிடந்த மேசைகளைப் பிள்ளைகளை வைத்து இழுத்து, மேற்குச் சுவரை ஒட்டித் தள்ளித் தள்ளிப் போட்டேன். சி.பி.யு.க்களை மேசைக்கு அடியில் தரையில் வைத்தேன். எல்லாம் முடிந்து வாசலில் நின்று பார்த்தபோது நிஜமான பரீட்சை ஹால் மாதிரியே இருந்தது.

மாசி மாதத்தில் அங்கே மழை கிடையாது. அன்று சாயங்காலம் பெய்தது. அதுவும் சாதாரணமாகப் பெய்யவில்லை. மேற்குப் பக்கக் கூரையில் குரங்குகள் நாலைந்து ஓடுகளை நகர்த்தி வைத்திருந்தது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை லேபைத் திறந்தேன். மேற்குச் சுவரோரம் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். எட்டில் ஆறு சி.பி.யு. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. முன்போல நடுவிலேயே இருந்திருந்தால் ஒரு துளி பட்டிருக்காது. சர்க்குலரைப் படித்து அவற்றை மழைக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அருளப்பன் சார் வந்து என் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மெயின் ஸ்விட்ச் அமத்திட்டீங்களா?"

"அமத்திட்டேனுங்க சார்."

"அப்ப எந்திரிங்க. கரண்டு அடிச்சு யாரும் போகல. மத்தது பாத்துக்கலாம்."

அவர் பார்த்த வழி இது: முப்பத்தொரு பிள்ளைகளையும் ஜீப்பில் ஏற்றி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு மலையாளப் பள்ளியில் பரீட்சை எழுத வைப்பது. அந்தப் பள்ளியும் சம்மதித்துவிட்டது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பிள்ளைகள் எந்தப் பொத்தானை எங்கே அமுக்குவது என்பதை இந்த எட்டு மெஷினில்தான் கற்றிருந்தார்கள். பாதிப் பேருக்கு மெஷினின் குணம்தான் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. மூன்றாவது மெஷினில் 'எஸ்' எழுத்தை இரண்டு தடவை அழுத்த வேண்டும், ஆறாவதில் மௌஸை இடது பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பது மாதிரி. ஃபோல்டரைப் பாடப் புத்தகம் 'கோப்புறை' என்றது. பிள்ளைகள் 'கவரு' என்றார்கள். அங்கே போய் மலையாளத்தில் கேட்டால் என்ன சொல்வார்கள்?

வெளியூர் அனுப்ப வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டுமே. அதனால் மத்தியானம் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார் சார். தோட்டத்திலிருந்து பெரும்பாலும் அம்மாக்கள்தான் வந்தார்கள், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல். அதில் ஒருவர் மரியபுஷ்பம் அக்கா. பத்தாம் வகுப்பு ஜெனிட்டாவின் அம்மா. கணவருக்கு முதுகில் அடிபட்ட பிறகு, அவர் பார்த்துவந்த வேலையை, பக்கத்துத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் வேலையை, இந்த அக்காதான் பார்த்துவந்தார். பச்சை ஏலக்காயைக் காய வைக்கும் இடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அக்கா அதிகம் பேசமாட்டார். கையெழுத்துப் போடும் முன்னால் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும் என்றார். லேபுக்குக் கூட்டிப்போனேன். நான் ஒரு சி.பி.யு.வின் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். குனிந்து உள்ளே பார்த்தார்.

"தண்ணி பட்டுருச்சு. அம்புட்டுத்தான டீச்சர்?"

"ஆமாங்க அக்கா."

"காயப் போட வேண்டியதுதான? அதுக்கா புள்ளைகள மலை எறக்குறீக?"

பின்னால் நின்ற மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. "வெயில்ல வச்சாக் காயாதுங்க அக்கா. மேகம் மூடிக் கெடக்குது" என்றேன்.

"வெயிலு எதுக்கு? ஸ்டோரு சும்மாதான கெடக்கு. சீசன் முடிஞ்சிருச்சு. ஒரு ஈரம் இல்லாமக் காயவச்சுத் தாரேன். எம்புட்டுச் சூடு தாங்கும், அத மட்டும் சொல்லுங்க."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. சார் என்னைப் பார்த்தார். எம்புட்டுச் சூடு தாங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "காய்க்கு எவ்வளவு வப்பீங்க?" என்று கேட்டேன். ஐம்பது டிகிரி பக்கம் என்றார் அக்கா. "அப்படின்னா நாப்பதுக்கு மேல வேண்டாமுங்க" என்றேன், காலம் காலமாக அதையே செய்து வருபவள் மாதிரி. சார் தோட்டத்து முதலாளிக்குப் போன் செய்தார். அவர் முதலில் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மூன்று தடவை திரும்பக் கேட்டாராம். பிறகு சரி என்றார்.

சனிக்கிழமை காலை ஆறு சி.பி.யு.வும் ஊர்வலமாகப் போயின. ஜீப் போகும் பாதை மழையில் சேறாகிவிட்டதால் பிள்ளைகள் முறை வைத்துத் தூக்கினார்கள். நான் சாக்பீஸால் எண் எழுதியிருந்தேன். அது தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய மெஷினைப் பார்த்தே கண்டுபிடித்துத் தூக்கியது. ஜெனிட்டா நாலாம் எண்ணை வேறு யாரையும் தொட விடவில்லை. ஏலச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில், சிறுபிள்ளையை இடுப்பில் வைத்துப் போவது போல அவள் அதை இடுப்பில் ஏற்றிப் போனாள். எதிரே வந்த ஒரு பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்று, "எந்தச் சாமிக்குப்பா?" என்று கேட்டார்.

ஸ்டோருக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? இருட்டான உயரமான அறை. மேலிருந்து கீழ்வரை கம்பிவலைத் தட்டுகள். வெளியே விறகடுப்பு. அதன் சூடு ஓர் இரும்புக் குழாய் வழியாக அறைக்குள்ளே சுற்றி வரும். சுவரும் கதவும் தட்டும் எல்லாம் வருஷக்கணக்கில் ஏலக்காய் குடித்தவை. உள்ளே இரண்டு நிமிடம் நின்றால் கண்ணில் தண்ணீர் வரும், அழுகை இல்லாத கண்ணீர். மூடியைக் கழற்றி, பாகம் பாகமாகத் தட்டுகளில் பரப்பினோம். கதவுக்குப் பக்கத்தில் வெப்பமானி தொங்கியது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்ப் புறங்கையைத் தட்டுக்கு மேல் பிடித்துப் பார்ப்பார். பிறகு வெளியே வந்து ஒரு விறகை இழுப்பார் அல்லது தள்ளுவார். நான் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் வெப்பமானியைப் பார்ப்பேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.

"பச்சப்புள்ளைக்கு ஒத்தடம் குடுக்கிற சூடு டீச்சர். பயப்படாதீக" என்றார்.

ஞாயிறு காலை அக்கா சர்ச் பூசைக்குப் போய்த் திரும்பும்வரை நானே அடுப்பைப் பார்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்து நாலுக்கும் நாற்பத்தாறுக்கும் இடையே அறை ஊஞ்சலாடியது. அக்கா வந்து ஒரு பார்வை பார்த்தார். விறகை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் எல்லாம் லேபுக்குத் திரும்பின. ஓடுகளைப் பிள்ளைகளின் அப்பாக்கள் மாற்றியிருந்தார்கள். மேசைகள் மறுபடி நடுவில், திரைகள் முதுகோடு முதுகாக. உள்ளே ஒரு திருவிழாவே நடந்தது. ஒரு வரிசை தூசி தட்ட, ஒரு வரிசை மெமரிப் பட்டையை ரப்பரால் தேய்க்க, ஒரு வரிசை திருகாணி எடுத்துக் கொடுக்க. முப்பத்தொரு பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலிருந்த ரப்பர் எல்லாம் அன்று கறுத்துப்போனது. முதலில் இரண்டாம் எண்ணைப் பூட்டினோம். சார் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கையைத் தயாராக வைத்து நின்றார். பொத்தானை அமுக்கினேன்.

பீப் பீப் பீப்.

மறுபடி உருவி, தேய்த்து, செருகி, அமுக்கினேன். மறுபடி மூன்று பீப். மூன்றாம் தடவை பட்டையைக் கொஞ்சம் பலமாக அழுத்திச் செருகியபோது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதுவரை நான் சரியாகச் செருகவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கினேன். ஒரே ஒரு பீப். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஏறின. பிள்ளைகள் கைதட்டினார்கள். சாரும் தட்டினார், மெயின் ஸ்விட்சை மறந்து. மாலைக்குள் ஆறில் ஐந்து எழுந்துவிட்டன. ஒன்று மட்டும் கடைசிவரை கண் திறக்கவில்லை. நனையாத இரண்டோடு சேர்த்து ஏழு.

திங்கள் காலை பரீட்சை நடத்த வந்தவர் பேபி மாஷ். அங்கே ஆண் வாத்தியாரை மாஷ் என்பார்கள். பேர்தான் பேபி, ஆறடி உயரம், பெரிய மீசை. லேபுக்குள் காலை வைத்ததும் மூக்கை உறிஞ்சினார். கம்ப்யூட்டர்கள் ஓடிச் சூடாகச் சூடாக, ஒவ்வொன்றின் விசிறியும் ஏலக்காய் வாசனையை அறைக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

"எந்தா இவிடெ ஒரு மணம்? ஏலக்காயாணோ?"

"ஏலக்காய் நாடல்லே சாரே" என்றார் அருளப்பன் சார், ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தைக் காட்டி. பொய் இல்லைதான்.

முதல் இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் ஜெனிட்டா உட்கார்ந்தாள், நாலாம் எண்ணில். அவள் பாதி படம் வரைந்திருந்தபோது உள்ளேயிருந்து 'கடகட கடகட' என்று சத்தம் கிளம்பி, மெஷின் பட்டென்று அணைந்தது. அவள் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பேபி மாஷ் எழுந்து வந்து, "திறந்து பாருங்க" என்றார் அவருடைய தமிழில். திறந்தேன். விசிறிக்குள் ஒரு ஏலக்காய் சிக்கியிருந்தது. முழு ஏலக்காய், நல்ல பச்சை. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மழை, சர்க்குலர், மேசை, ஸ்டோர், அக்கா, நாற்பது டிகிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பதற்றத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு 'ங்க' போட்டேன். அவர் மீசை அசையாமல் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு ஜெனிட்டாவிடம் திரும்பினார்.

"மோளே, நீ முதல்லேர்ந்து செய். உன் நேரம் இப்பத்தான் ஆரம்பம்."

மெஷின் மறுபடி எழுந்தது. சத்தமில்லாமல். அவள் வரைந்து முடித்து எழுந்து போன பிறகு, அவர் அந்த ஏலக்காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். ரிப்போர்ட்டில் என்ன எழுதப் போகிறாரோ என்று நான் நின்றேன்.

"டீச்சரே, அந்தச் சேச்சி வேற ஸ்கூல் கம்ப்யூட்டர் எடுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். "எங்க லேப்லயும் வியாழக்கிழமை மழை பெஞ்சது. மூணு மெஷின். ஹெச்.எம். இன்னும் பார்க்கல."

செவ்வாய்க்கிழமை கடைசிப் பிள்ளையும் முடித்தபோது மரியபுஷ்பம் அக்கா வேலையிலிருந்து நேரே வந்தார். ஜெனிட்டா தான் வரைந்ததைத் திறந்து காட்டினாள். அக்கா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து சி.பி.யு.வின் மேல் புறங்கையை வைத்தார். "சூடு சரியா இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் மகள் வரைந்ததைப் பார்த்தார். முப்பத்தொரு பிள்ளைகளும் தேறினார்கள். பேபி மாஷின் மூன்று மெஷின்களும் அதே ஸ்டோரில் காய்ந்து அவர் பள்ளிக்குத் திரும்பின.

நான்கு வருஷம் கழித்து மாற்றலாகிப் பாலக்காட்டுப் பக்கம் வந்துவிட்டேன். போன டிசம்பரில் குடும்பத்தோடு தேக்கடிக்குப் போனபோது, கணவரையும் பிள்ளைகளையும் குமுளியில் விட்டுவிட்டுத் தனியாகப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். அருளப்பன் சார் ஓய்வுபெற்று மகனோடு இருக்கிறார். ஸ்டோரில் விறகடுப்பை இடித்துவிட்டுக் கரண்டு டிரையர் வைத்துவிட்டார்கள். அது தானாகவே சூட்டைப் பார்த்துக்கொள்ளும், புறங்கை தேவையில்லை. மரியபுஷ்பம் அக்கா கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஜெனிட்டா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாளாம். ஓட்டுக்கூரை அறை இப்போது கான்கிரீட் கட்டடம். மேசைக்கு மேசை லேப்டாப். எதிலும் மௌஸ் உருண்டை கிடையாது, திறந்து பார்க்க வயிறும் கிடையாது. ஒன்று கெட்டால் எங்கேயோ அனுப்பிவிடுகிறார்கள், இன்னொன்று வருகிறது. நல்லதுதான். அந்த ஈரத்தையும் பயத்தையும் யாருக்கும் தர எனக்கு ஆசையில்லை.

அந்தப் புது லேப் வாசலில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன். அப்போதெல்லாம் அப்படித்தான். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பை வரிசையாக விட்டு, காலைப் பாயில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சார் வருவார், பியூன் வருவார், எல்லோரும் வெறுங்காலோடுதான். வெளியே கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். இப்போது வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. உள்ளே இருபது பிள்ளைகள் ஷூவோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவோரம் இருந்த ஒரு பெண் என் காலைப் பார்த்தாள்.

"செருப்போடயே வரலாம் டீச்சர்" என்றாள்.

வரலாம்தான். நான் வெறுங்காலோடேயே உள்ளே போனேன்.